பால் முதலில், பாட்டு பிறகு: வன்னி வீட்டில் சாப்பாட்டுத் தேவாரத்தைத் தொடங்குவது எப்படி

எங்கள் ஊர் அறநெறிப் பாடசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒருநாள் மகனைக் கொண்டுவந்து விட்ட ஒரு இளம் தாய், போகாமல் வாசலிலேயே நின்றார். என்ன என்று கேட்டேன். "ரீச்சர், சாப்பிட முதல் என்ன சொல்லிக் கும்பிடுறது? இவன் பள்ளிக்கூடத்தில கேட்டுக்கொண்டு வந்து என்னைக் கேக்கிறான். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல" என்றார். கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருக்கு முப்பது வயது இருக்கும். இலங்கையின் வடக்கில் இருக்கும் எங்கள் வன்னியில் போர் முடிந்த 2009இல் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது. அவர் வளர்ந்த காலம் முழுக்க ஓட்டம், தறப்பாள் கொட்டில், நிவாரண வரிசை. சாமி அறை என்று ஒன்று இருக்கவில்லை. எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட ஒரு நேரமும் இருக்கவில்லை. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து பிள்ளைக்கும் சத்தமில்லாமல் கைமாறி வந்த பழக்கம் வன்னியில் பல வீடுகளில் அந்த ஆண்டுகளில்தான் அறுந்தது. அதில் அந்தத் தாயின் பிழை எதுவும் இல்லை. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சைவக் குடும்பத்துப் பெண், எனக்குத் தெரிந்த வழியைத்தான் சொல்ல முடியும். மற்ற வழியில் நிற்பவர்களும் பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டால் மிச்சம் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு கதை, ஒரு விதி

தொடங்குமுன் திருஞானசம்பந்தரின் கதையைப் பெற்றோர் ஒருமுறை தங்களுக்குள் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை. தகப்பன் சீர்காழிக் கோயில் குளத்தில் நீருக்குள் மூழ்கியிருக்கிறார். கரையில் நிற்கும் பிள்ளை அவரைக் காணாமல் அழுகிறது. உமாதேவி வந்து ஞானப்பாலை ஊட்டுகிறாள். அதைக் குடித்த பிறகுதான் பிள்ளை 'தோடுடைய செவியன்' என்று பாடுகிறது. முதலாம் திருமுறையின் முதல் பதிகம் அது. அழுத பிள்ளையிடம் 'முதலில் பாடு, பிறகு பால் தருகிறேன்' என்று அம்மை சொல்லவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: பசித்த பிள்ளைக்கும் கோப்பைக்கும் நடுவில் கும்பிடுதலை ஒரு படலையாக வைக்கக் கூடாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் ஊட்டிக்கொண்டே நீங்கள் பாடுங்கள். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளை, ரியூசனால் களைத்து வந்த பிள்ளை, தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த பிள்ளை, இவர்கள் முதலில் இரண்டு வாய் சாப்பிடட்டும். 'தேவாரம் சொல்லாவிட்டால் சோறு இல்லை' என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் பெரியவர்களானதும் அந்தத் தேவாரத்தைக் கேட்டாலே முகத்தைத் திருப்புவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டோடு சேர்த்து அவர்கள் மனப்பாடம் செய்தது அந்த வெருட்டலையும்தான்.

எந்தச் சாப்பாடு?

மூன்று நேரமும் வேண்டாம். ஒரு நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். காலையில் யாராவது பாண் துண்டோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். மத்தியானம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம். பெரும்பாலான வீடுகளில் இரவுச் சாப்பாடுதான் சரிவரும். கடற்கரைப் பக்கம் தகப்பன் இரவில் தொழிலுக்குப் போகிற வீடுகளில் பின்னேரத் தேநீர் நேரம் பொருந்தும். அதில் ஒரு குறையும் இல்லை, பிஸ்கட்டும் சாப்பாடுதான். தினமும் முடியாது என்றால் வெள்ளிக்கிழமை இரவோடு தொடங்குங்கள். அன்று எப்படியும் மரக்கறிச் சமையல், குளித்து விளக்கேற்றுகிற நாள், வீட்டில் ஏற்கெனவே ஒரு அமைதி இருக்கும்.

தகப்பன் கட்டாரிலோ சவூதியிலோ இருந்தால் அவருடைய நேரத்தையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைப்பார்கள். அங்கிருந்து தகப்பன் முதல் அடியைச் சொல்ல, இங்கே பிள்ளைகள் அடுத்த அடியைச் சொல்வார்கள். தகப்பன் இல்லாத வீடுகளும் வன்னியில் நிறைய. அங்கே தாய் தொடங்கட்டும், அம்மம்மா தொடங்கட்டும், மூத்த பிள்ளை தொடங்கட்டும். அப்பா இருந்திருந்தால் அவர்தான் சொல்லியிருப்பார் என்று ஏங்கிச் சொல்லும் பிள்ளையிடம், 'அவருக்காகவும் சேர்த்து நீ சொல்லு' என்று சொல்லலாம். சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தால் உடையட்டும். பிள்ளைக்கு அதைப் பார்ப்பதில் கெடுதல் எதுவும் இல்லை.

முதல் இரண்டு வாரம்: பிள்ளையிடம் எதுவும் சொல்லாதீர்கள்

இதுதான் பலருக்குக் கடினம். பழக்கம் தொடங்கும் நாளிலேயே எல்லோரையும் கூப்பிட்டு இருத்தி ஒரு பேச்சுப் பேசிவிடுகிறோம். பிள்ளைகள் அதை இன்னொரு பாடவேளையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பதிலாக நீங்கள் மட்டும் செய்யுங்கள். கை கால் கழுவி, நெற்றியில் கொஞ்சம் திருநீறு பூசி, கோப்பைக்கு முன்னால் இருந்து, கண்ணை மூடி மூன்று முறை 'சிவசிவ' என்று வாய்க்குள் சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குங்கள். பத்து வினாடி போதும். யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம். நாலாம் ஐந்தாம் நாளில் சின்னது கேட்கும்: "அம்மா என்ன செய்யிறீங்கள்?" கேட்டால் ஒரு வசனத்தில் பதில்: "சோறு கிடைச்சதுக்குச் சாமிக்கு நன்றி சொல்லுறன்." அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். திருநீறு தனக்கும் பூசச் சொல்லிக் கேட்டால் பூசிவிடுங்கள். கேட்காவிட்டால் விடுங்கள்.

பாயில் இருந்து சாப்பிட்டாலும் மேசையில் சாப்பிட்டாலும் பரவாயில்லை. ரிவி மட்டும் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் ரிவியை நிறுத்திய நாளில்தான் பெரிய சண்டை வந்தது, கும்பிடுதலுக்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. அதனால் ரிவியை முதல் வாரத்திலேயே தனியாக, வேறு காரணம் சொல்லி நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் பழி முழுக்கச் சாமி மேல் விழும்.

மூன்றாம் வாரம்: ஒரே ஒரு பாட்டு

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்கு முன் பாடும் தேவாரம் அப்பர் சுவாமிகள் தில்லையில் பாடியது. ஐந்தாம் திருமுறையில் முதலாவதாக வருவது.

அன்னம் பாலிக்கும் தில்லைச் சிற்றம்பலம்
பொன்னம் பாலிக்கும் மேலும் இப்பூமிசை
என்னம் பாலிக்குமாறு கண்டு இன்புற
இன்னம் பாலிக்குமோ இப்பிறவியே

நாலு அடிதான். நாலையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முதல் வாரம் முதல் அடி மட்டும். அதிலும் கடைசிச் சொல்லைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் 'அன்னம் பாலிக்கும் தில்லைச்' என்று நிறுத்தினால் பிள்ளை 'சிற்றம்பலம்' என்று முடிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு 'சித்தம்பலம்' என்றுதான் வரும். திருத்தாதீர்கள், ஆறு வயதில் தானாகச் சரியாகும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் 'பாலிக்கும்' என்பதை 'பாளிக்கும்' ஆக்காமல் சொல்லிக் கொடுங்கள். இராகம் வராவிட்டால் வாசிக்கிற மாதிரிச் சொன்னால் போதும். என் அம்மாவுக்குச் சுருதி சேராது. ஆனால் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்பது அவருடைய குரலில்தான்.

பொருளை மெதுவாகக் கொடுக்கலாம். 'பாலிக்கும்' என்றால் கொடுக்கும், காக்கும். தில்லைச் சிற்றம்பலம் சோறும் தருகிறது, பொன்னும் தருகிறது. கடைசி அடியில்தான் அப்பர் நம்மை நிறுத்துகிறார். பிறவி வேண்டாம் என்று கேட்பவர்கள் நடுவில் இவர், அந்தக் காட்சியைக் கண்டு மகிழ இந்தப் பிறவி இன்னும் கிடைக்குமா என்று ஏங்குகிறார். சோற்றில் தொடங்கி, உயிரோடு இருப்பதே பெரிய பேறு என்பதில் வந்து நிற்கிறது பாட்டு. இந்த மண்ணில் தப்பிப் பிழைத்தவர்கள் இருக்கும் வீட்டில் அந்த அடியை அவசரமாகச் சொல்லிவிட்டுக் கோப்பையை இழுக்க எனக்கு முடிவதில்லை.

பொருள் சொல்லுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். சிலர் உற்சாகத்தில் சிவபுராணம் முழுவதையும் சாப்பாட்டுக்கு முன் வைக்கிறார்கள். 95 அடி. சோறு ஆறிவிடும், பிள்ளை கறியை எண்ணத் தொடங்கிவிடும். சிவபுராணத்துக்கு விளக்கு வைக்கிற நேரம் இருக்கிறது.

உங்களுக்கே தேவாரம் தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சைவநெறிப் பாடம் இருக்கிறது. பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து அதிலிருக்கும் பாட்டைப் பிள்ளையிடமே கேட்டுப் படியுங்கள். வாசலில் நின்ற அந்தத் தாய் அப்படித்தான் செய்தார். மகன் அவருக்கு ரீச்சர் ஆனான். பிழை விட்டால் தலையில் குட்டுவானாம். இரண்டு கிழமையில் இருவருக்கும் பாடமாகிவிட்டது.

மலையகத்திலிருந்து 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அவர்களின் பெரியவர்கள் மாரியம்மனுக்கு முதல் கவளத்தைக் காட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள், தேவாரம் பாடும் வழக்கம் பல வீடுகளில் இல்லை. அந்தப் பிள்ளைகளிடம் 'உங்கள் வீட்டில் இது இல்லையா' என்று கேட்டுக் கூசச் செய்யக் கூடாது. அது எங்கள் அறநெறி வகுப்பிலேயே ஒருமுறை நடந்தது, நான் அப்போது தடுக்கவில்லை. இன்னும் மனதை உறுத்துகிறது. பாட்டி அம்மனுக்குச் சொல்லும் வார்த்தையையே அந்தப் பிள்ளை படிக்கட்டும். தேவாரம் கூடவே வந்து சேரட்டும்.

கைப்பிடி

பாட்டு நிலைத்ததும், ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில், கையால் செய்கிற ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு வாயால் சொன்னதை விடக் கையால் செய்தது நிற்கும். திருமூலர் நாலு காரியம் சொல்கிறார், எல்லாம் எவருக்கும் முடிந்தவை: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் ஒரு இன்சொல். 'யாவர்க்குமாம்' என்று நாலு தரமும் சொல்கிறார். இல்லாதவருக்கும் ஆகும் என்று அர்த்தம்.

செய்முறை இதுதான். குசினியில் ஒரு வெறும் பால்மாப் பேணியை வையுங்கள். சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது பிள்ளை தன் கையால் ஒரு பிடி எடுத்து அந்தப் பேணியில் போடட்டும். எட்டு வயதான என் மகளின் கையால் ஒரு மாதம் போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோ வருகிறது. மாத முடிவில் அதைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாம், தனியாக இருக்கும் ஒரு ஆச்சிக்குக் கொடுக்கலாம். கொண்டுபோய்க் கொடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம், யாருக்குக் கொடுத்தோம் என்று ஊரில் சொல்லவும் வேண்டாம். வாங்குகிறவரும் ஒருகாலத்தில் வரிசையில் நின்று களைத்தவர்.

விரத நாட்களில் காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ளது. அதையும் பிள்ளை கையால் வைக்க விடுங்கள். காகம் வரும் வரை காத்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் ஒருபோதும் அலுத்துக்கொள்வதில்லை. அம்மம்மா, அப்பப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும். இறந்தவர்களைப் பற்றிப் பிள்ளையோடு பேச அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒரு பெயர்

இது நான் என் அம்மாவிடம் கற்றது. 2009 ஏப்ரல். நாங்கள் ஐந்து பேர் ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில் இருந்தோம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும் இடத்தில் என் தம்பி வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வருவான். அரிசி, உப்பு, தண்ணீர். அம்மா அதைச் சிரட்டைகளில் ஊற்றிவிட்டு வாய்க்குள் 'அன்னம் பாலிக்கும்' சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "எந்த அன்னம் அம்மா, எதுக்கு இப்ப?" என்று கத்தினேன். அம்மா கோபிக்கவில்லை. "கஞ்சி காய்ச்சிற பிள்ளையள் நல்லா இருக்க வேணும்" என்றார். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டுத் தன் சிரட்டையில் இருந்து கொஞ்சத்தைத் தம்பியின் சிரட்டையில் ஊற்றினார்.

அந்த வார்த்தையைத்தான் இப்போது எங்கள் வீட்டுக் கும்பிடுதலில் வைத்திருக்கிறேன். தேவாரம் முடிந்ததும் ஒருவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும்: இன்றைய சாப்பாடு யார் கையால் வந்ததோ அவர். முத்தையன்கட்டுக் குளத்தில் துருசு திறக்கிறவர். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் அண்ணா. அறுவடை மெஷின் ஓட்டிய பெடியன். கீரை தந்த பக்கத்து வீட்டு மாமி. 'அவர் நல்லா இருக்க வேணும்' என்று எல்லோரும் ஒருமுறை சொல்வோம். பிள்ளைகள் இதில் போட்டி போடுவார்கள். ஒருநாள் மகள் எங்கள் வீட்டுக் கோழியின் பெயரைச் சொன்னாள், அன்று முட்டைப் பொரியல். அதுவும் சரிதான் என்றோம்.

நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் செய்யப்போவதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

வளர்ந்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி

பதின்மூன்று வயதில் என் மகன் கேட்டான்: "அம்மா, சாமி சோறு தாறார் எண்டால் அண்டைக்கு எங்க போனவர்?" போரின் கடைசி நாட்களில் எங்கள் சனம் செத்த முள்ளிவாய்க்காலைத்தான் கேட்டான். அங்கே செத்தவர்களை நினைவுகூரும் மே 18 நெருங்கிய ஒரு நாள். ஊரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருந்தார்கள், அவனும் குடித்துவிட்டு வந்திருந்தான்.

இந்தக் கேள்வி வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருநாள் வரும். வரும்போது செய்யக் கூடாதவை மூன்று. 'அப்படிக் கேட்கக் கூடாது' என்று வாயை மூடச் சொல்லாதீர்கள். 'முன்வினைப் பயன்' என்று சொல்லாதீர்கள். அங்கே செத்த சின்னப் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும், அவர்கள் வினையால் செத்தார்கள் என்று என் வாயால் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மூன்றாவது, அந்த இடத்திலேயே பதில் சொல்லி முடித்துவிட முயலாதீர்கள்.

நான் சொன்னது: "எனக்கும் அந்தக் கேள்வி இருக்கு. அம்மம்மாவிடம் கேட்டனான். அவவுக்கும் இருந்தது." பிறகு சிரட்டையின் கதையை முதல்முறையாக முழுதாகச் சொன்னேன். அவன் அன்று தேவாரம் சொல்லவில்லை. அடுத்த இரண்டு மாதமும் சொல்லவில்லை. நாங்கள் சொல்லும்போது பேசாமல் இருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கணவர் ஒருநாள் "அவனைக் கொஞ்சம் கண்டிக்கட்டோ" என்றார், வேண்டாம் என்றேன். ஆனால் பெயர் சொல்லும் முறை வரும்போது மட்டும் அவன் ஒருநாளும் தவறவில்லை. ஒருநாள் இரவு, தன்னுடைய முறையில், "கஞ்சி வாங்கப் போன மாமா" என்றான். அதன் பிறகு எப்போது பாடத் தொடங்கினான் என்று எனக்கு நினைவில்லை, கவனிக்காமல் நடந்துவிட்டது.

வளர்ந்த பிள்ளைகளோடு இன்னும் இரண்டு விஷயம். பாட்டுக்கு நடுவில் உங்கள் குறையைச் செருகாதீர்கள்: 'சாமி, இவனுக்குக் கணக்கில் நல்ல புத்தி கொடு' என்று சத்தமாகக் கும்பிட்டால், பிள்ளைக்கு அது கும்பிடுதலாகக் கேட்காது, ஏச்சாகத்தான் கேட்கும். அடுத்தது, பாடி முடித்த கையோடு 'இண்டைக்கும் பருப்போ' என்று முகம் சுளிக்கிற தகப்பன் இருந்தால், பிள்ளை பாட்டை மறந்துவிடும், அந்த முகத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். கறி உறைத்தால் அதைச் சமைத்தவரிடம் சாப்பாடு முடிந்த பிறகு மெதுவாகச் சொல்லலாம்.

சோற்றைப் பற்றிய கதைகள்

வாரத்தில் ஒருநாள் சாப்பிடும்போது ஒரு கதை. நாயன்மார் கதைகளில் சோறு வருகிற கதைகள் வயல்பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். இளையான்குடிமாறர் கதையை முதலில் சொல்லுங்கள். கொடுத்துக் கொடுத்தே வறுமைப்பட்டவர். மழை கொட்டும் இரவில் ஒரு அடியார் பசியோடு வருகிறார், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகல் விதைத்த விதைநெல்லை இருட்டில் போய் வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை, கூரை வரிச்சை அறுத்துக் கொடுக்கிறார். மனைவி நெல்லை வறுத்துக் குற்றிச் சமைக்கிறாள். விதைநெல் என்றால் என்னவென்று பட்டணத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கேட்ட உடனேயே "ஐயோ, அப்ப வாற போகத்துக்கு?" என்பார்கள். அந்த 'ஐயோ' வந்துவிட்டால் கதை உள்ளே போய்விட்டது.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பரும் சம்பந்தரும் நாளுக்கு ஒவ்வொரு காசு பெற்று அடியார்களுக்குச் சோறு போட்ட கதையும் நல்லது. சம்பந்தருக்குக் கிடைத்த காசுக்கு மதிப்புக் குறைவு, கடைக்காரர் அதற்கு வட்டம், அதாவது கழிவு, கேட்டார், அவர் அதற்கும் ஒரு பாட்டுப் பாடினார் என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அரிவாட்டாயர் கதையில், அரிசியும் கீரையும் மாவடுவும் வயல் வெடிப்பில் கொட்டுண்டதையும், வெடிப்புக்குள்ளிருந்து மாவடு கடிக்கும் சத்தம் கேட்டதையும் சொல்லுங்கள். அவர் தன் கழுத்தை அரிந்த பகுதியைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம். வன்னியில் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து கேட்கும் இரத்தம் போதும்.

ஆண்டு தரும் உதவி

நாள்தோறும் செய்வது அலுக்கும்போது ஆண்டு உங்களைத் தூக்கிவிடும். தைப்பொங்கல், பிறகு தைப்பூசத்தில் புதிர் எடுப்பது, அந்தப் புதுநெல்லுச் சோற்றின் முதல் கவளத்துக்கு முன்னால் தேவாரம் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் குரலே வேறாக இருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிகிற கோயில் என்று சொல்லிக் கூட்டிப் போனால் திரும்பி வந்து ஒரு மாதம் அதையே பேசுவார்கள். ஆடி அமாவாசையில் தகப்பனை இழந்தவர்களும், சித்திரைப் பௌர்ணமியில் தாயை இழந்தவர்களும் விரதமிருக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியப்புறம் எழுப்புவது கடினம், பிட்டும் வாழைப்பழமும் கிடைக்கும் என்று சொல்லி எழுப்புவதில் பிழையில்லை.

வருகிற சிக்கல்கள்

ஞாயிறு காலை ரியூசன் வைத்து அறநெறி வகுப்பை விட வைக்கிறார்கள். முடிந்தால் அந்த ஒரு காலையைக் காப்பாற்றுங்கள். முடியாவிட்டால் வீட்டுச் சாப்பாட்டு நேரம் இன்னும் முக்கியமாகிறது.

கத்தோலிக்க நண்பன் வீட்டில் சாப்பிடும்போது அவர்கள் சிலுவை அடையாளம் போட்டு செபித்தால், பிள்ளை கைகூப்பி அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தாலும் அப்படியே. முஸ்லிம் கூட்டாளி 'பிஸ்மில்லாஹ்' சொல்லித் தொடங்குவதைப் பார்த்து என் மகள் 'அவையளும் நன்றிதான் சொல்லுகினமோ' என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒரே வீட்டில் தாய் ஒரு வழி, தகப்பன் ஒரு வழி என்றால் இருவரும் தங்கள் தங்கள் வார்த்தையை அடுத்தடுத்துச் சொல்லுங்கள். கோப்பைக்கு முன்னால் வாதம் வேண்டாம். பிள்ளை அந்த வாதத்தில் யார் வென்றார் என்று பார்க்கும், பிறகு இரண்டையும் விட்டுவிடும்.

விருந்தினர் வந்தால் பிள்ளையை எழுப்பி 'பாடிக் காட்டு' என்று சொல்லாதீர்கள். வழக்கம் போல் நடக்கட்டும். சேர்ந்து சொல்கிறவர்கள் சொல்வார்கள்.

இடையில் நின்றுபோகும், அதுவும் நடக்கும். காலபோக விதைப்பு வந்தால் எங்கள் வீட்டிலேயே மூன்று கிழமை ஒன்றாக இருந்து சாப்பிட முடியாது. ஒரு சாவு, ஒரு வருத்தம், ஒரு வெள்ளம் வந்தாலும் அப்படித்தான். விட்டுப்போன நாட்களைக் கணக்குப் பார்க்காமல், அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, பழையபடி நீங்கள் மட்டும் கண்ணை மூடி 'சிவசிவ' என்று தொடங்குங்கள். அதுவரை அரிசிப் பேணியை மட்டும் இருந்த இடத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள்.